நாமே பழுது பார்க்கலாமா?

டிஜிட்டல் காமிரா கீழே விழுந்தால் எளிதில் உடையக்கூடிய பகுதிகளுள் ஒன்று அதன் பின்புறத்தில் உள்ள சிறு திரை. உடைந்த காமிராவைக் கையில் எடுத்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "கை வைக்காதே, கடையில் கொடுத்துவிடு" என்பது ஒரு குரல். "ஏழெட்டுத் திருகாணிதானே, நாமே கழற்றிப் பார்த்தால் என்ன?" என்பது மற்றொரு குரல். இவற்றுள் எதற்கு நாம் செவிசாய்ப்பது?

பெண்பிள்ளைகளாகிய நம் காதில் முதல் குரலே அதிகம் விழுகிறது. தம்பி திருப்புளியை எடுத்தால் "கெட்டிக்காரன்" என்பார்கள். நாம் எடுத்தால் "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்பார்கள். அதற்கு மறுமொழி சொல்வதாக நினைத்துக்கொண்டு, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று காமிராவைப் பிரிப்பதும் அறிவுடைமை ஆகாது. வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் அல்லவா? ஆகவே, செய்யலாமா வேண்டாமா என்பதை எவ்வாறு ஆராய்ந்து முடிவு செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திரை வந்த வரலாறு

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள அக்கருவி ஒரு படத்தை ஒலிநாடா போன்ற கேசட்டில் பதிவு செய்ய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அதன் பின்புறத்தில் திரை ஏதும் இல்லை. படத்தைப் பார்க்க அந்தக் கேசட்டைத் தனியொரு கருவியில் இட்டு, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்க வேண்டியிருந்தது. எடுத்த படத்தை எடுத்தவுடனே பின்புறத் திரையில் பார்க்கும் வசதியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது 1995இல் விற்பனைக்கு வந்த காசியோ நிறுவனத்தின் கியூ.வி-10 என்னும் காமிரா ஆகும்.

இத்திரைகளுக்கு மூலப்பொருளான திரவப் படிகத்தின் கதை இன்னும் பழையது. 1888இல் பிரடெரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் கொலஸ்டிரால் சார்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று. 178.5 டிகிரியில் அக்கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் வியந்தார். திரவம்போல் ஓடவும், படிகம்போல் ஒழுங்காக அணிவகுத்து நிற்கவும் வல்ல பொருள்கள் உண்டு என்பது இவ்வாறுதான் தெரியவந்தது.

திரைக்குள் என்ன இருக்கிறது?

காமிராவின் திரை ஒரே கண்ணாடி அன்று. நம் வீட்டு அடுக்குச் சட்டிகளைப்போல் பல தட்டுகளைக் கொண்டது. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது பாதுகாப்புக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மூடி. அதற்கு உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளும், அவற்றின் இடையே தலைமயிரினும் மெல்லிய படலமாகத் திரவப் படிகமும் உள்ளன. அதற்கும் பின்னால் வெள்ளை ஒளி தரும் பின்விளக்கு இருக்கிறது. மின்னழுத்தத்திற்கு ஏற்பத் திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் திரும்பி, ஒளியைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சிறு வடிகட்டிகள் அந்த ஒளிக்கு நிறம் கொடுக்கின்றன. இவை அனைத்தையும் காமிராவின் உட்பலகையோடு இணைப்பது நாடாபோல் தட்டையான ஒரு மின்கம்பி. கடைக்காரர்கள் இதனை 'ரிப்பன் கேபிள்' என்பர்.

முதல் கேள்வி: உடைந்தது எது?

மருத்துவர் முதலில் நோயை அறிந்து, அதன்பின் அல்லவா மருந்து தருகிறார்? அதுபோல் நாமும் திறக்காமலே அறியக்கூடியவற்றை முதலில் அறிய வேண்டும். அதற்கும் முன்பாக நினைவட்டையைக் கழற்றிப் படங்களைக் கணினியில் பத்திரப்படுத்திவிட வேண்டும். காமிராவை மீண்டும் வாங்கலாம். எடுத்த படங்களை வாங்க முடியாது.

பிறகு திரையை உற்று நோக்குவோம்.

வெளிக் கண்ணாடியில் மட்டும் கீறல் இருந்து, படம் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே சேதமில்லை. மூடியை மட்டும் மாற்றினால் போதும். சில வேளைகளில் அதுவும் தேவையில்லை.

மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தாலோ, வண்ணக் கோடுகள் ஓடினாலோ, உள் கண்ணாடித் தகடு உடைந்துவிட்டது என்று கொள்ளலாம். இதனை ஒட்டவைக்க இயலாது. திரையையே மாற்ற வேண்டும்.

திரை இருண்டிருந்து, பக்கவாட்டில் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது என்றால், பழுது பின்விளக்கில் இருக்கிறது.

காமிராவை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் ரிப்பன் கேபிள் தளர்ந்தோ கிழிந்தோ இருக்கக்கூடும். கீல் வைத்துத் திரும்பும் திரைகளில் இப்பழுது ஏற்பட அதிக வாய்ப்புண்டு.

இன்னுமொரு சோதனை மிக முக்கியமானது. காமிராவைக் கம்பி வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே படம் நன்றாக வந்தால் பழுது திரையோடு நின்றது. அங்கும் படம் கோணலாகவோ நிறம் மாறியோ வந்தால் பழுது வேறிடத்தில் உள்ளது. புதிய திரை வாங்கியும் பயனில்லை. இது வீண் எச்சரிக்கை அன்று. 2002க்கும் 2004க்கும் இடையே சோனி நிறுவனம் தயாரித்த சில ஒளி உணரிகள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் கெட்டுப்போயின என்பது 2005இல் வெளியாயிற்று. பல நிறுவனங்களின் காமிராக்களில் அந்த உணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் திரைகள் கறுத்தும் கலங்கியும் தெரிந்தன. ஆனால் திரையில் ஒரு குறையும் இல்லை! தலைவலிக்குக் காலில் மருந்து தடவுவதுபோல் நாம் செயல்படலாகாது.

இரண்டாம் கேள்வி: உள்ளே ஆபத்து உண்டா?

உண்டு. இதனை நம் தோழியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கைக்குள் அடங்கும் சிறு காமிராவின் மின்கலம் தருவது 3.7 வோல்ட்தான். அதனைத் தொடுவதால் அதிர்ச்சி ஏற்படாது. ஆனால் பளிச்சென்று மின்னும் பிளாஷ் விளக்கிற்கு அந்த மின்னழுத்தம் போதாது. ஆகவே, காமிராவினுள் இருக்கும் ஒரு சிறு மின்சுற்று அதனை ஏறத்தாழ 300 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, மின்தேக்கி என்னும் உருளையில் சேமித்து வைக்கிறது. நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மின்கலத்தைக் கழற்றிய பிறகும் அந்த மின்தேக்கி தன்னிடமுள்ள மின்னூட்டத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்கும். "மின்கலத்தை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை" என்று நினைப்பவர் இங்குதான் ஏமாந்து போகிறார்.

மின்தேக்கியைப் பற்றிய விரிவான பாடம் மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது. எனினும் கணக்கு எளியது. மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் சேமித்த ஆற்றல் கிடைக்கும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 300 வோல்ட் இருந்தால் ஆற்றல் 4.5 ஜூல். ஒரு கிலோ எடையை ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் உயரம் தூக்குவதற்கான ஆற்றல் இது. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அது முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விரல் வழியே பாயுமானால் கடும் அதிர்ச்சியும் தீப்புண்ணும் உண்டாகும். இதய நோயுள்ளவர்களுக்கு இன்னும் கேடு.

ஆதலால் பிளாஷ் உள்ள காமிராவை மாணவியர் தனியே திறக்கவே கூடாது. மின்னியல் அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருந்து, தக்க மின்தடையைக் காப்பிட்ட முனைகளால் இணைத்து அம்மின்னூட்டத்தை இறக்கி, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். 2,000 ஓம் மின்தடையானால், மேற்கண்ட மின்தேக்கி ஏறத்தாழ ஒரு நொடியில் வடிந்துவிடும். சிலர் திருப்புளியின் முனையால் குறுக்கே தொட்டுத் தீப்பொறி பறக்கவிடுகிறார்கள். அது கண்ணுக்கும் கேடு, கருவிக்கும் கேடு. அப்படிப்பட்ட பெரியவர் கிடைக்கவில்லையா? நம் ஆராய்ச்சி இங்கேயே முடிந்தது. காமிரா கடைக்குப் போகட்டும்.

மூன்றாம் கேள்வி: கெட்டுப்போனால் இழப்பு என்ன?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்ற பாடம் உண்டு. பகடையும் சீட்டுக்கட்டும் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் தோழியருக்கு இதோ ஒரு பயன்!

கடையில் பழுது பார்க்க 2,200 ரூபாய் எனக் கொள்வோம். திரையை மட்டும் வாங்கினால் 900 ரூபாய். நாமே திறந்து காமிராவைக் கெடுத்துவிட்டால், அதே போன்ற இன்னொன்றை வாங்க 4,000 ரூபாய் ஆகும் எனக் கொள்வோம்.

கைதேர்ந்தவர் பத்துக் காமிராக்களில் ஒன்றைக் கெடுப்பார் என்றால் அவருக்கு எதிர்பார்க்கும் செலவு 900 கூட்டல் 400, அதாவது 1,300 ரூபாய். கடையைவிட இலாபம். முதன்முதலில் முயலும் நாம் இரண்டில் ஒன்றைக் கெடுப்போம் என்றால், செலவு 900 கூட்டல் 2,000, அதாவது 2,900 ரூபாய். கடையைவிட 700 ரூபாய் நட்டம். கெட்டுப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் இந்தக் கணக்கில் நாமே செய்வது இலாபம்.

ஆனால் காமிரா பயனற்று அலமாரியில் கிடப்பது என்றால்? அது கெட்டாலும் புதிதாக ஒன்று வாங்கப் போவதில்லை. அப்போது நாம் இழக்கக்கூடியது திரையின் விலையான 900 ரூபாய் மட்டுமே. ஆகவே, "என்னால் முடியுமா?" என்று கேட்பதோடு நிற்காமல், "முடியாமற்போனால் யாருக்கு, எவ்வளவு இழப்பு?" என்றும் கேட்பதே முறை.

ஒரே பழுது, இரண்டு முடிவுகள்

இதனை எங்கள் வகுப்பில் நேரில் கண்டோம். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை ஆதலால், ஆண்டு மலருக்கான படங்களை முன்னாள் மாணவியர் அன்பளித்த காமிராவால்தான் எடுப்பது வழக்கம். விளையாட்டு விழா நாளன்று வீசிய பலத்த காற்றில் முக்காலி சாய்ந்து, அதன் திரை உடைந்தது. கறுப்பு மை வலது மூலையில் பரவியது. தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தபோது படம் நன்றாகவே வந்தது. திரை ஒன்றுதான் பழுது என்பது உறுதியாயிற்று. நாற்பது ஆண்டுகள் எங்கள் பள்ளி வளாகத்தைப் பெருக்கித் துடைத்து ஓய்வுபெற்ற ஆயாம்மாவின் வழியனுப்பு விழாப் படங்கள் அதன் நினைவட்டையில் இருந்தன. அவற்றை முதலில் கணினிக்கு மாற்றினோம்.

அதே வாரத்தில் எங்கள் தோழி ஒருத்தி தன் வீட்டு அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஒரு பழைய காமிராவைக் கொண்டுவந்தாள். அதிலும் அதே கறுப்பு மை!

பழுது ஒன்றே, கைகளும் அதே கைகள். ஆனால் முடிவு வேறானது. பள்ளிக் காமிரா பொதுச்சொத்து. ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டே நாட்கள் இருந்தன. கெட்டுவிட்டால் இழப்பு எங்களுக்கு மட்டுமன்று, பள்ளி முழுவதற்கும்தான். "நாங்களே செய்கிறோம்" என்று சொல்ல ஆசை இருந்தும், அதைக் கடைக்கு அனுப்பவே தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் பரிந்துரைத்தோம். எட்டாம் நாள் அது நல்லபடியாகத் திரும்பி வந்தது. உடைந்த திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். அதனை ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, பாடத்தில் படித்த அடுக்குகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

தோழியின் காமிராவையோ அவள் பெற்றோரின் சம்மதத்துடன் எங்கள் இயற்பியல் ஆசிரியை அவர்களின் முன்னிலையில் திறந்தோம். மின்தேக்கியை அவர்களே வடித்து, இருமுறை அளந்து காட்டினார்கள். வேலை முடிய இரண்டு சனிக்கிழமை மாலைகள் ஆயின. இன்றும் அத்திரையின் அடியில் ஒரு தூசி தெரிகிறது. ஆனால் படம் தெரிகிறது! அத்தூசி எங்கள் கைவேலைக்கு முத்திரை என்று தோழி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

செய்வதென்று முடிவானால்

மாதிரியின் பெயரை மட்டும் பார்த்துத் திரை வாங்கலாகாது. திரையின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணும், ரிப்பன் கேபிளின் அகலமும் ஒத்திருக்க வேண்டும். சென்னை ரிச்சித் தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளுக்குப் பழைய திரையையோ அதன் படத்தையோ கையோடு கொண்டு செல்வது நலம்.

திருப்புளியும் பொருத்தமாக இருத்தல் வேண்டும். பல ஜப்பானியக் காமிராக்களின் திருகாணிப் பள்ளம் சாதாரணக் கூட்டல்குறித் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத முனை திருகாணியின் தலையை மழுக்கிவிடும். அதன்பின் கடைக்காரராலும் எளிதில் கழற்ற இயலாது.

ஓர் அட்டையில் காமிராவின் படத்தை வரைந்து, கழற்றும் திருகாணியை அதனதன் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவினவாகத் தோன்றினாலும் நீளம் வேறுபடும். குட்டைத் திருகாணியின் இடத்தில் நெட்டையைச் செலுத்தினால் உள்ளே எதையாவது துளைத்துவிடும்.

கேபிளை ஒருபோதும் பிடித்து இழுக்கலாகாது. அது செருகியிருக்கும் இடத்தில் நகக்கண் அளவு தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதனை மெல்லத் தூக்கினால் கேபிள் தானே விடுபடும். வேலை தொடங்குமுன் தரையோடு இணைந்த உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்வதும் அவசியம். உடைந்த கண்ணாடித் துணுக்குகளையும் கசிந்த திரவத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வலுக்கட்டாயம் செய்தால்தான் கழலும் என்ற நிலை வந்தால், அதுவே நிறுத்த வேண்டிய இடம்.

செய்வதில்லை என்று முடிவானால்

இதுவும் தோல்வி அன்று. கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்: திரை புதியதா, வேறு காமிராவிலிருந்து எடுத்ததா? மொத்தச் செலவு எவ்வளவு? வேலையில் வேறு பகுதி கெட்டால் பொறுப்பு யாருடையது? பழைய திரையைத் திருப்பித் தருவீர்களா? உத்தரவாதக் காலம் முடியாத காமிராவானால், நாமே திறப்பது அந்த உத்தரவாதத்தைப் பெரும்பாலும் இழக்கச் செய்யும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கண் வைத்துப் பார்க்கும் சிறு சாளரம் உள்ள காமிராக்களில் பின்புறத் திரை இல்லாமலும் படம் எடுக்கலாம். ஆகவே, திரை உடைந்தவுடன் குப்பைத்தொட்டியை நோக்கி நடக்க வேண்டாம். ஜப்பானியக் காமிராத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. 2021இல் அத்தொகை ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசியே காமிராவாகிவிட்டதுதான் முதன்மையான காரணம். பழைய மாதிரிகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்வோர் குறைந்துவிட்ட இக்காலத்தில், வேறொன்று உயிர்பெற நம் பழுதான காமிராவின் பாகமே உதவக்கூடும். எதற்கும் உதவாத நிலையில், மின்னணுக் கழிவைப் பெறும் இடத்தில் அதனைச் சேர்க்க வேண்டும். முக்கியமாக அதன் லித்தியம் மின்கலத்தைக் குத்தவோ நெருப்பில் இடவோ கூடாது.

நம் நாட்டு நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்னும் பெயரில் ஓர் இணையத் தகவல் மையத்தைத் தொடங்கியது. பொருள்களை வாங்கியவர், அவற்றைப் பழுது பார்ப்பதற்கான விவரங்களையும் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். உரிமை நமக்கு உண்டு என்றால், அதனைப் பயன்படுத்தும் அறிவும் நமக்கு வேண்டும் அல்லவா?

முடிவுரை

உடைந்தது எது, உள்ளே ஆபத்து என்ன, கெட்டால் இழப்பு யாருக்கு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே திருப்புளி கைக்கு வர வேண்டும். விடை "செய்" என்றால் பொறுமையோடு செய்வோம். "வேண்டாம்" என்றால் தயங்காது கடைக்கு அனுப்புவோம். பெற்றோரே, "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று உங்கள் மகளிடம் கேட்பதற்குப் பதிலாக, "நீ ஆராய்ந்து பார்த்தாயா?" என்று கேளுங்கள். ஆராய்ந்திருந்தால் அவள் காரணத்தோடு விடை சொல்வாள். அந்த விடை "இதைக் கடைக்கே கொடுத்துவிடலாம், அப்பா" என்றிருந்தாலும் அவளைப் பாராட்டுங்கள்!